புகைக்கூடத்தில் காய்ந்த படகு

இன்று காலை ருவான்வெல்லை ரோட்டில் தார் காய்ச்சினார்கள். பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ நீ பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே தார் பூசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது, மச்சான்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் தனித்துப்போகும். அதற்காகத்தான் தோட்டத் தொழிற்சங்கம் உன்னிடம் படகு கேட்டது. நீர்கொழும்புப் படகுப் பட்டறையில் வேலை பார்த்த தச்சு மேஸ்திரி தோட்டத்தில் நீ ஒருவன்தான்; எல்லோருக்கும் நீ 'பாஸ்'. சட்டங்களை நிறுத்தி, பலகைகளை வளைத்து ஆணி அறைந்து முடித்ததும் சொன்னாய்: "இத தண்ணியிலயே போட்டு வைங்க. பலகை ஊறி உப்புனாத்தான் இடுக்கு அடையும். காஞ்சா கூடையாயிரும்."

இதை ஒரு ரப்பர் தோட்டத்தில் சொன்னாய். ரப்பர் ஷீட்டை ஈரமாக வைத்தால் பூஞ்சணம், காயவைத்தால் முதல் தரம். நமக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். தோட்டத் துரை சாவி கொடுத்தார். ஷீட் காயும் புகைக்கூடத்துக்குப் படகு போனது. மாலை போட்டு, திருநீறு பூசி, பத்திரமாகப் புகை காட்டினார்கள். நீ சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டாய். "தண்ணியில கெடந்தா மக்கிப் போகாதா, பாஸ்?" என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். கைதட்டினார்கள்.

வெள்ளத்தன்று இறக்கியபோது பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அக்கரையில் கூரைமேல் ஆட்கள். ஊறவைக்க ஏது நேரம்? நீ துடுப்புப் போட்டாய், நான் வாளியால் தண்ணீரை அள்ளிக் கொட்டினேன். பிள்ளைகளையும் தாய்மாரையும் கொண்டுவந்து சேர்த்தோம். வயதானவர்கள் மிச்சம். என்னை இறங்கச் சொன்னாய்.

"நீ எறங்கு. ஒன் எடத்துல ஒரு கெழவன் ஏறலாம்."

துடுப்பும் போட்டு தண்ணீரும் அள்ள உனக்கு இரண்டு கைகள் போதவில்லை. அக்கரைக்குப் போகும் வழியில், நடு ஆற்றில் படகு தாழ்ந்ததைக் கரையில் நின்று பார்த்தோம். கூரைமேல் காத்திருந்த கிழவர்களை மறுநாள் மீட்புக்கு வந்த ஃபைபர் போட் ஏற்றிக்கொண்டது.

இரங்கல் கூட்டத்தில், ஆறு உன்னைக் கொண்டுபோனதாகத் தலைவர் பேசினார். கரையொதுங்கிய படகை உன் நினைவாகப் பாதுகாக்கத் தீர்மானித்தார்கள். புகைக்கூடத்தில்.

லயத்தில் வேறு பேச்சு. பாஸ் வேலை சரியில்லை, அதனால்தான் முழுகியதாம். உன் மனைவி அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். படகு எங்கே இருந்தது, என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, இந்த ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?"

நீ போனபின் என்னிடம் தங்கியது அந்தக் கேள்விதான். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று தலைவரிடம் கேட்கிறேன். உட்காரச் சொல்கிறார்கள்.