ஐம்பது மில்லி செகண்டு விக்கல்

மார்ச் 3, செவ்வாய். காலை மணி 9.10. ஒரே பாட்டு, 214-ஆவது தடவை.

ஓடுகிறது! ஒன்பது வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதற்குப் பலன். எங்கள் கம்பெனியின் புதிய மியூசிக் பிளேயர், சட்டைப்பையில் போடுகிற சைஸ், இனி ஃப்ளாக் கோப்பையும் பாடும். எம்பி3 என்பது பாட்டை நசுக்கிச் சின்னதாக்குவது. நசுக்கியதில் போனது போனதுதான். ஃப்ளாக் அப்படி இல்லை. சட்டையைக் கிழிக்காமல் மடித்து வைக்கிற மாதிரி. பிரித்தால் அதே சட்டை. இதற்கு நிரல் எழுதியவன் நான். தனியாக. வேறு யாரும் எழுதி வைக்கப்போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

பாட்டில் ஒரு புல்லாங்குழல், கூடவே டிரம்ஸ். கடைசியில் பித்தளைத் தட்டின் ஒலி மெல்ல மெல்ல அடங்குகிறதே, அந்த வால்! எம்பி3-யில் அது தகரம். இதில் வெண்கலம்.

ஹெட்போனை மீட்டர் காதில் மாட்டிவிட்டேன். மீட்டர் என்றால் சோதனைக்கூடத்து ஆள். தன் கல்யாணத்தில் தாலி நீளத்தைக்கூட அளந்திருப்பான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். நல்லா*த்தான்*! காது இல்லாத ஜென்மம்.

மார்ச் 4, புதன்.

கத்தரி மேடம் கூப்பிட்டார். புது மாடலில் எது இருக்கும், எது போகும் என்று தீர்மானிப்பவர். எதையாவது சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"இதைப் போட்டா பேட்டரி எவ்வளவு குறையும்?"

"ரெண்டு மணி நேரம், மேடம்."

"கார்டுல?"

"அஞ்சு பாட்டு பிடிக்கிற இடத்துல ஒண்ணு."

"இவ்வளவும் குறைஞ்சு, கூடுறது என்ன?"

"வித்தியாசம் காதுல அறையும் மேடம்."

"யார் காதுல?"

"என் காதுல அறையுதே!"

"சரி. வெள்ளிக்கிழமை ஃப்ளாக் எது, எம்பி3 எதுன்னு தெரியாம ரெண்டையும் கேளு. பத்துக்கு ஒன்பது சரியா சொல்லு, வெச்சுக்கலாம். இல்லேன்னா இருபதாம் தேதி லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவேன்."

ஒன்பது என்ன, பத்தும் சொல்கிறேன் என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மார்ச் 6, வெள்ளி.

பத்துக்கு ஐந்து.

மார்ச் 7, சனி.

காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும். காசுக்குச் சம்பளம் வேறு தர வேண்டாம்.

காரணங்கள் இருக்கின்றன. ஏசி இரைந்தது. ஹெட்போன் அலுவலகத்துடையது, யாரோ அதில் தூங்கியிருக்கிறார்கள். மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தான். மேடம் "ம்" என்றார், அவ்வளவுதான். அந்த "ம்"முக்குத் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்.

இதை எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன்.

மீட்டர் வந்து தோளைத் தட்டினான். "உன் ஃப்ளாக் கோப்பை அளந்து பார்த்தேன். கோவிச்சுக்காத."

திரையில் பாட்டின் படம். கீழ்ச் சுரம் கீழே, மேல் சுரம் மேலே. பதினெட்டு கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வண்ணம். அதற்கு மேலே கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு, அப்புறம் வெறும் கறுப்பு. இசைத்தட்டிலிருந்து நேராக எடுத்த பாட்டில் அப்படி வெட்டு இருக்காது. எம்பி3-யில்தான் இருக்கும்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இசைத்தட்டிலிருந்து எடுத்த அசல் ஒரு ஃபோல்டரில். நசுக்கிய எம்பி3 பக்கத்து ஃபோல்டரில். நான் மாற்றும்போது பக்கத்து ஃபோல்டரைக் கொடுத்திருக்கிறேன். நசுங்கியதை எடுத்து அழகாக மடித்து ஃப்ளாக் என்று பெயர் வைத்திருக்கிறேன். கோப்பு முப்பது மெகாபைட் இருந்தது, சந்தேகமே வரவில்லை. மோரைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் பாலாகிவிடுமா?

அப்படியானால் வெள்ளிக்கிழமை நான் கேட்டது ரெண்டும் ஒன்று.

அதைவிட — 214 தடவை! வெண்கலம், வால், அடடா! எதைக் கேட்டு உருகினேன் நான்?

"அந்த வெண்கலம் எப்படிடா இருந்துச்சு?" என்றான் மீட்டர். ஆயுசு முழுக்கக் கேட்பான்.

மார்ச் 10, செவ்வாய்.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். தப்பான கோப்பு, அந்தச் சோதனை செல்லாது, மறுபடி வையுங்கள் என்று. வைத்தார். இந்த முறை மீட்டர் அளந்து சான்றிதழ் கொடுத்த அசல். ஏசி நிறுத்தம். என் சொந்த ஹெட்போன். பேனா பறிமுதல்.

பத்துக்கு ஆறு.

"முன்னேற்றம்தான்" என்றார் மேடம். சிரித்தாரா? சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இருபதாம் தேதி வரைக்கும் டைம், அதற்குள் காதைத் தவிர வேற காரணம் இருந்தால் கொண்டுவா என்றார்.

மார்ச் 12, வியாழன்.

வேறு காரணம் இல்லை. ஒன்பது வாரம்.

மார்ச் 14, சனி.

அக்கா வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இதயத்துக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காலையில் நடைப்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். பாட்டின் தாளத்துக்கு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மூன்று நிமிடத் தாளம்; முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. பிளேயர் எங்கள் கம்பெனியின் பழைய மாடல். அதனால் வாரம் ஒரு முறை எனக்கு அர்ச்சனை.

"டேய், உங்க டப்பா மறுபடியும் விக்குதுடா. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு விக்கல். பன்னிரண்டு பேரும் ஒண்ணா காலைத் தப்பா வெக்கிறாங்க. ஒயரை மூணு தரம் மாத்திட்டேன்."

வழக்கம்போல "பெரிய பாட்டா போட்டுக்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

எம்பி3 நசுக்கும்போது பாட்டின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தை ஒட்டவைத்துவிடும். ஐம்பது மில்லி செகண்டு இருக்கும். எவ்வளவு ஒட்டியது என்று கோப்பிலேயே குறித்திருந்தால் பிளேயர் வெட்டிவிடலாம். பாதிக் கோப்புகளில் அந்தக் குறிப்பே இருக்காது. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்பவனுக்கு இது தெரியவே தெரியாது. சுற்றிச் சுற்றிப் போட்டால், தாளம் தவறும். ஃப்ளாக்கில் ஒட்டும் கிடையாது, வெட்டும் கிடையாது. முடிந்த இடத்தில் அப்படியே தொடங்கும்.

காது இல்லை. கால்!

"அக்கா, அந்தத் தாளத்தோட அசல் எங்க இருக்கு?"

"எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கும். ஏன்டா பேய் அறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

ஏன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் அந்த அசலை வாங்கி, "இதெல்லாம் இடத்தை அடைக்கும்கா" என்று பெரிய மேதாவி மாதிரி எம்பி3 ஆக்கிக் கொடுத்தவன் நான்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, புதன்.

அரை நாள் லீவு. சோதனைப் பிளேயரோடு அக்கா வகுப்புக்குப் போனேன். பச்சைத் தரை, சுவரில் பிடிமானக் கம்பி, பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரி அசலிலிருந்து ஆக்கிய ஃப்ளாக் கோப்பை முன்பே மீட்டரிடம் கொடுத்து இரண்டு முறை அளந்துகொண்டேன். சூடு கண்ட பூனை.

முதலில் பழைய எம்பி3. முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்றாவது நிமிடம், தாளம் விக்கியது, கால் பின்னியது, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா தம்பி? முப்பத்தஞ்சு வருஷம் நடந்தவன் நான். நாய் துரத்தினப்பகூட தடுமாறினதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சைத் திறந்து தைத்தவர் அவர். இரண்டு வருடமாக இது நடக்கிறது. நான் போட்ட விக்கல்.

பிறகு ஃப்ளாக். மூன்று நிமிடம். ஆறு. ஒன்பது. யாருக்கும் பாட்டு முடிந்ததே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் தடுமாற்றம்: எம்பி3-யில் முப்பத்தொன்று, ஃப்ளாக்கில் ஒன்று. அந்த ஒன்று, ஒரு பாட்டியம்மாவின் செருப்பு வார். அதையும் குறித்துக்கொண்டேன். மீட்டர் கேட்பான்.

மார்ச் 20, வெள்ளி.

கூட்டம். படம் கிடம் எதுவும் போடவில்லை. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார் கத்தரி மேடம்.

"நடக்க, மேடம். நின்ன இடத்துலயே."

ஏழு பேர், மேசையைச் சுற்றி, மார்ச் பாஸ்ட். எம்பி3. மூன்றாவது நிமிடம் மேடத்தின் இடது கால் மீட்டரின் வலது கால்மேல். மீட்டர் கத்தியதை வாசல் காவலாளி வந்து விசாரித்தார். அடுத்தது ஃப்ளாக். நான்காவது நிமிடம், ஐந்து, ஆறு.

"நிறுத்தவா, மேடம்?"

"இரு."

ஏழாவது நிமிடத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "காதுல அறையும்னு ஏன்யா கதை விட்ட? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

முதலில் எனக்கே தெரியாது என்றேன். ஃப்ளாக் பட்டியலில் இருக்கிறது! அதற்கு இடம் வேண்டுமென்று, பிளேயரை இயக்கியதும் சுழலும் லோகோவைக் கத்தரித்தார். அதுவும் நான் செய்ததுதான். போகட்டும்.

மார்ச் 28, சனி. காலை மணி 11.

சோதனைப் பிளேயர் இப்போது அக்கா வகுப்பில் இருக்கிறது. மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தபால்காரர் இன்று நாற்பது நிமிடம் கம்பியைத் தொடவில்லையாம். "உங்க தம்பி கெட்டிக்காரன், விக்கலை நிறுத்திட்டான்" என்றாராம். அக்கா எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறாள்.

இனி செய்ய வேண்டியவை:

1. ஃப்ளாக் ஆக்கும்முன் கோப்பு அசல்தானா என்று அளந்து, இல்லையென்றால் எச்சரிக்கிற நிரல் எழுத வேண்டும். அதற்கு "வெண்கலம்" என்று பெயர் வைக்க மீட்டர் அடம்பிடிக்கிறான். வைத்துத் தொலைக்கலாம்.
2. பழைய மாடலிலும் எம்பி3 விக்கலைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். அது இன்னும் ஆயிரம் பேர் கையில் இருக்கிறது.
3. மீட்டரின் கால் விரலை விசாரிக்க வேண்டும்.
4. யாரையும் காது இல்லாத ஜென்மம் என்று சொல்லக் கூடாது. பத்துக்கு ஆறு வாங்கியவனுக்கு அந்த உரிமை இல்லை.
5. விக்கலை நிறுத்தியவன் யார் என்று அக்காவுக்குத் தெரியும். போட்டவன் யார் என்று சொல்ல வேண்டும். நாளை. இல்லை, இப்போதே, ஃபோன் பக்கத்தில்தான் இருக்கிறது.