முப்பத்தொரு கன்னம்

1943 ஜூன் 7, திங்கள்

ஆஸ்பத்திரித் தாளில் ஜப்பான் கணக்குப்படி ஆண்டு 2603 என்று போட வேண்டும். இது என் நோட்டு. 1943 என்றே போடுகிறேன்.

ஜப்பான் டாக்டர் மொரிட்டா ஆய்வுக்கூடத்துக்கு வந்து கன்னப் புற்றுப் பதிவேட்டைக் கேட்டார். முப்பத்தொரு பேர். சண்டைக்கு முன் வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது. கொழும்பு, மதராஸ், இங்கே பினாங்கு மூன்றிலும் ஒரே கேள்வித்தாள்: வெற்றிலை போடுவீரா, புகையிலை சேர்ப்பீரா, எந்தக் கன்னத்தில் அடக்குவீர், வீடு எங்கே. மூன்று ஊர் விடையும் சேர்ந்தால் காரணம் பிடிபடும், பிடிபட்டால் தடுக்கலாம் என்பார். அவரைச் சிங்கப்பூரில் சிறைவைத்துவிட்டார்கள். தாளை அனுப்ப வழியில்லை. ஆனாலும் நிரப்பி வருகிறேன். சதைத் துண்டை மெழுகில் பதித்துச் சீவிச் சாயம் ஏற்றுவது என் வேலை. கேள்வி கேட்பதும் என் தலையில்.

மொரிட்டா நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகவரிகள் சரியானவைதானா என்று மட்டும் கேட்டார்.

முகவரி எதற்கு?

ஜூன் 8

முன்னறையில் பெயர் பதியும் கிளார்க் சீனி முகம்மதிடம் சொன்னேன். ஜப்பான்காரர் தோட்டங்களில் ஆள் பிடித்துச் சயாம் ரயில் வேலைக்கு அனுப்புவதும், போனவர் திரும்பாததும் தெரிந்ததுதான். இப்போது டவுனிலும் பட்டியல் எடுக்கிறார்களாம். "கிழடுங்க பேரு கிடைச்சாப் போதும் தம்பி. வீட்டுக்குப் போனா வயசுப் புள்ளைங்க இருக்கும்லா" என்றார்.

இவருக்கு எப்படித் தெரியும்? இவரையும் நம்புவதற்கில்லை.

ஜூன் 9

பதிவேடு முழுவதையும் புதிதாக எழுதினேன். தெருக்களைக் கலைத்து, கதவு எண்களை மாற்றினேன். பழையதைக் கொதிகலன் அடுப்பில் போட்டேன்.

ஜூன் 10

மொரிட்டா வாங்கிக்கொண்டு தலை குனிந்து நன்றி சொன்னார். நல்ல நடிகர்.

ஜூன் 21, திங்கள்

நோயாளிகளை வரச்சொல்லி மொரிட்டா எழுதி, பியூன்கள் கொண்டுபோன கடிதங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. அப்படி யாரும் இல்லை, அப்படி யாரும் இல்லை.

மொரிட்டா கூப்பிட்டார். ஜூலை 12 அவருக்குப் பர்மாவுக்கு மாற்றல். மயக்க மருந்து நான்கு பேருக்குத்தான் இருக்கிறதாம். சதைச் சீவல் ஒட்டிய என் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இப்போதே வெட்டினால் பிழைக்கக்கூடிய நான்கு பேரைப் பொறுக்கியிருக்கிறார். நால்வரையும் காணோம். "உங்கள் ஊரில் இவ்வளவு சீக்கிரம் வீடு மாறுவார்களா?" என்றார்.

முதல் பெயர் நூர் பீவி. அந்தத் துண்டைச் சீவியது நான்தான். சிறிய புற்று.

பொறியா? மருந்து அலமாரியைப் போய்ப் பார்த்தேன். ஈதர் நான்கு பேருக்குத்தான் காணும். அவர் சொன்னது உண்மை.

என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: என்னடா செய்து வச்சிருக்கிறாய்? ஆரைக் காப்பாத்தப் போனாய் நீ?

ஜூன் 22

வீட்டில் அக்கா கேட்டா: "ஏன்ரா, மரவள்ளிக் கிழங்கு இறங்கேல்லையோ?" தட்டைத் தள்ளிவிட்டு, நினைவில் இருந்த தெருக்களை எழுதத் தொடங்கினேன்.

ஜூன் 25, வெள்ளி

நினைவில் இருந்த தெருக்களை வைத்துத் தேடி நால்வரில் இருவரைப் பிடித்துவிட்டேன். வருகிறார்கள். மூன்றாமவர் குடும்பத்தோடு கெடாவுக்குப் போய்விட்டாராம்.

நூர் பீவி சூலியா தெருவுக்குப் பின்சந்தில் மசாலா அரைப்பதாகச் சீனி முகம்மது சொன்னார். போனேன். கதவை ஒரு சாண் திறந்து முக்காடிட்ட ஓர் அம்மாள், "நூர் பீவி மௌத்தாப் போயிட்டாங்க, அடக்கம் பண்ணியாச்சு" என்றார். அவருடைய இடது கன்னம் புடைத்திருந்தது.

"மௌத்தானவங்களுக்குக் கன்னம் வீங்காதும்மா" என்றேன். கதவு சாத்தப்பட்டது.

சீனி முகம்மதிடம் சொன்னேன். "இந்த வாயை வச்சிக்கிட்டுப் பொண்ணு கேக்கப் போயிடாதே தம்பி" என்றார்.

ஜூலை 2, வெள்ளி

நூர் பீவி வீட்டுக்கு மூன்றாம் தடவை. கதவு இடுக்கில் இருந்து, "என் மவன் இங்க இல்ல" என்றார்.

அதுதானா? மகனைத் தேடி வரவில்லை என்றேன். பிறகு முகவரியை மாற்றியது, பழையதை எரித்தது, டாக்டர் தேடுவது எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். வேறு என்ன செய்ய? நூர் பீவி உள்ளிருந்தபடியே பேசினார்:

"நீ கையில பென்சிலை வச்சிக்கிட்டுப் போயில போடுவீங்களான்னு கேட்டே. போயில வாங்குறதே கள்ளத்தனமாப் போச்சு. எவ ஆமான்னு சொல்லுவா?"

சண்டைக்கு முந்திய நான்கு பேரைத் தவிர இருபத்தேழு பேருக்கும் 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரையும் நம்பாத நான் அதை நம்பியிருக்கிறேன்.

பதிவேட்டில் இருந்து எடுத்துவந்த, பொய் முகவரி போட்ட அவருடைய தாளை இடுக்கு வழியே நீட்டினேன். "இதைக் கிழிச்சுப் போடுங்க. வாயை மட்டும் கொண்டு வாங்க."

ஜூலை 9, வெள்ளி

வந்தார். மொரிட்டா நூர் பீவியின் புற்றை வெட்டினார்.

ஜூலை 14, புதன்

மொரிட்டா போய்விட்டார். வெட்டிய துண்டின் விளிம்புகளைப் பார்த்தேன். மூன்று விளிம்பு சுத்தம். நான்காவதில் புற்று இருக்கிறது, அப்படியானால் கன்னத்திலும் மிச்சம் இருக்கிறது. மறுபடி சீவினேன். இருக்கிறது. இன்னொரு தடவை. இருக்கிறது.

ஜூன் 10 அன்று சரியான முகவரி கொடுத்திருந்தால் ஒரு மாதம் முன்னதாக வெட்டியிருப்பார். ஒரு மாதத்தில் எவ்வளவு பரவும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேடிவிட்டேன்.

ஜூலை 20, செவ்வாய்

நூர் பீவியிடம் சொல்லிவிட்டேன். மிச்சத்தை இனி வெட்ட ஆள் இல்லை, பிந்தியதற்கு நான்தான் காரணம் என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தையல் போட்ட வாயால் மெல்லப் பேசினார். பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர்? முப்பத்தொன்று. இன்னும் புற்றாகாமல் வெள்ளைப் படலம் மட்டும் இருப்பவர்கள்? பத்தொன்பது. அவர்களுக்கும் வெட்ட வேண்டுமா? வேண்டாம், புகையிலையை விட்டால் பெரும்பாலும் போதும் என்றேன்.

"போதும்னா நீ ஏன் இங்க உக்காந்திருக்கே?"

வீடெல்லாம் மறந்துவிட்டது என்றேன். "பேரைச் சொல்லு" என்றார். சொன்னேன். ஒன்பது பேரை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

நூர் பீவியோடு இன்று ஏழு வீடு. நான் பேசக்கூடாது என்பது அவர் உத்தரவு. முக்காட்டை விலக்கி, துணிக்கட்டை அவிழ்த்துக் கன்னத்தைக் காட்டுகிறார். "போயில" என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் துரத்தினார்கள்.

ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நாளைக்கு மறுபடி போடுவாளா? போடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

நூர் பீவி அதற்குள் அடுத்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.