பனி ரெண்டு பேருக்கும்தானே பெய்தது

இன்று காலை குழித்துறைச் சந்தையில் ஒருவன் தேங்காய் துருவும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தான். "எக்கா, வந்து பாருங்க. ஜெர்மன் டெக்னாலஜியாக்கும். எமண்டன் சாதனம்!" என்றான். அந்த ஒரு சொல்லில் நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். டீசலும் கிரீசும் கலந்த உங்கள் சட்டையின் வாடைகூட வந்தது. நீங்கள் போய் மூன்று ஆண்டு ஆகிறது.

எமண்டன் என்று நம் ஊரில் பெரிய பலாப்பழத்தையும் சொல்வோம், தடித்த ஆளையும் சொல்வோம். அது எம்டன் என்ற ஜெர்மன் கப்பலின் பெயர், முதல் உலகப்போரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னது நீங்கள்தான். குளச்சலில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிற உங்களுக்கு ஜெர்மன்காரன் என்றால் பாதி தெய்வம். இரண்டாம் போரில் அவன் படை முழுக்க யந்திரம். பனி பெய்ததால்தான் தோற்றான். நம் நாட்டு ஓலை ஏட்டைக் கொண்டுபோய்ப் படித்துத்தான் ராக்கெட் செய்தான். இப்படியெல்லாம் சொல்வீர்கள். இந்தக் கடைசிச் சங்கதியை நானும் நம்பினேன். சாமி கும்பிடுகிற நிழல்தாங்கலில் ஏடு வாசிப்பைக் கைகூப்பிக் கேட்டு வளர்ந்தவள் நான். நம் ஏட்டிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது என்றால் பெருமையாகத்தானே இருக்கும்.

வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு உங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். 'ஜெர்மானிய ஆயுத அதிசயங்கள்' என்று நோட்டீசும் அடித்தாயிற்று. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், சரிபார்க்காமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை எனக்கு. வீட்டுக் கணக்கு எழுதிய கை. நூலகத்தில் போர் பற்றிய புத்தகங்களை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் படித்தேன். படிக்கப் படிக்க மலைத்துப் போனேன்.

விழாவுக்கு முந்தின நாள் நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். "இஞ்ச கேட்டேளா, அந்தப் படையில பீரங்கியும் சாமானும் இழுத்தது கூடுதலும் குதிரையாக்கும்."

"குதிரையா? ஏட்டி, அவன் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போனான்?"

"லட்சக்கணக்குல குதிரை. எல்லாத்துக்கும் தீனி வேணும்லா?"

"பனி பெய்யலன்னா மாஸ்கோவப் பிடிச்சிருப்பான்."

"பனி ரெண்டு பேருக்கும்தானே பெய்தது?"

எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள். பெரிய டாங்கிகள் பல்சக்கரம் உடைந்து வழியில் நின்றதையும், இழுத்துப்போக முடியாமல் அவர்களே வெடிவைத்துவிட்டுப் போனதையும் சொன்னேன். "எதிராளி எளுப்பமா ஒரு டாங்கியச் செய்து கூட்டம் கூட்டமா எறக்கிட்டான். நீங்க சொல்லுவேள்லா, நடுக்கடல்ல கேடானா நன்னாக்க முடியாத எஞ்சின் நங்கூரமாக்கும்னு?"

உங்கள் சொல்லே உங்களுக்கு எதிரே வந்து நின்றதும் முகம் கறுத்தது. ராக்கெட்டைக் கடைசியில் சொன்னேன். அது மெய்யாகவே பெரிய வித்தைதான். ஆனால் சுரங்கத்துக்குள் கைதிகளைப் பட்டினி போட்டுச் செய்வித்தார்கள். விழுந்த இடத்தில் செத்தவர்களைவிடச் செய்த இடத்தில் செத்தவர்கள் அதிகம். "ஏடு?" என்று மட்டும் கேட்டீர்கள். "நான் தேடுன ஒரு புத்தகத்துலயும் இல்ல," என்றேன். இல்லையே என்று எனக்கும் வருத்தம்தான்.

"முப்பது வருசமா சொன்னதுலா ஏட்டி. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுப் பேச?" கை கழுவ எழுந்து போனவர், பிறகு என்னோடு பேசவே இல்லை. விழாவுக்குப் போகமாட்டீர்கள், போனாலும் பழையதையே பேசுவீர்கள் என்று நினைத்தேன். எழுதிய தாளை மட்டும் உங்கள் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் மேடையில் மைக்கைப் பிடித்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "நோட்டீசுல போட்டிருக்கது தப்பாக்கும். போட்டவங்க மேல குத்தமில்ல. நான் சொன்னதத்தான் போட்டாவ."

குதிரை, பல்சக்கரம், சுரங்கம் எல்லாம் சொன்னீர்கள். எம்டனையும் விடவில்லை. பிடித்த கப்பல்களின் கரியை எடுத்து ஓடிய கப்பல் அது; சென்னைக்குப் பிறகு சில வாரத்திலேயே, தன்னுடையதைவிடப் பெரிய பீரங்கி வைத்த கப்பலிடம் மாட்டி அழிந்தது. பின்வரிசையிலிருந்து உங்கள் கூட்டாளி, அந்த ஐஸ் கம்பெனிக்காரர், கத்தினார்: "ஏலே, பொண்டாட்டி சொல்லித் தந்தாளோ?" கூட்டம் சிரித்தது. நான் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாலே. அவ வாசிச்சா. நான் வாசிக்காமலே பேசிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நிழல்தாங்கலில் சாமி இருக்கிற இடத்தில் வைத்த நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வருமே, அது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்கு வந்தது. வானத்தைத் தொட்ட அந்த ராக்கெட்டைப் பற்றிப் படித்தபோதுகூட அப்படி வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டீர்கள். "ஏடு போச்சேன்னு வெசனமா மக்கா?"

"ஏட்டுல இருக்கப்பட்ட சாமிக்கு ராக்கெட் எதுக்கு?" என்றேன். அந்த வாரமே வாசிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினீர்கள். பிறகு போகிற நாள்வரை ஒரு புத்தகத்துக்கு நாம் இரண்டு பேர்.

சந்தையில் அவனிடம் கேட்டேன். "மக்கா, இது கேடாச்சுன்னா யாரு நன்னாக்குவா?"

"கேடே ஆவாதுக்கா. ஜெர்மனாக்கும்."

"எங்க செய்ததுன்னு வாசிச்சியா?"

தலையைச் சொறிந்தான். "இல்லக்கா, வாசிக்கல," என்று அட்டைப்பெட்டியைத் திருப்பினான். பொடி எழுத்து, அவனுக்குப் பிடிபடவில்லை. நான் பையிலிருந்து உங்கள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.