சுவை தெரியாமல் நீ கண்டுபிடித்த சாறு

இன்று காலை கொய்யாச் சாற்றுக்கான புதுச் சோதனையைத் திட்டமிட மென்பொருளைத் திறந்தேன். எந்தெந்தக் காரணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிலை என்று அது கேட்டது. முதல் கட்டத்தில் 'சூடு' என்று தட்டும்போதே, பக்கத்து நாற்காலியில் இருந்து நீ இதே கேள்விக்குப் பதில் சொன்ன நாள் ஞாபகம் வந்தது.

அதுவரை காமயகவுண்டன்பட்டியில் தோழிகள் நம் இருவரின் சிறிய சாறு ஆலை உன் நாக்கை நம்பித்தான் ஓடியது. பன்னீர் திராட்சையைத் தோலோடு சூடாக்கிப் பிழிவோம். சூடு கூடினால் நிறம் நன்றாக இறங்கும். வெந்த வாடையும் வந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று ஒரு கரண்டி குடித்துப் பார்த்து நீ சொல்வாய். பிறகு உனக்குத் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் கதிர்வீச்சு முடிந்து திரும்பியபோது உனக்கு இனிப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. நான் உத்தேசமாகச் செய்து அனுப்பிய சாறு வெளுத்துப்போய், கேரள எல்லையில் இருக்கும் குமுளி வழியாகத் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி என்றால் வேண்டாம் என்றார் கேரள வியாபாரி.

"என் நாக்குதான்டி போயிருச்சு. அதுக்காக ஆலைய மூடவா?" என்று கேட்டுவிட்டு நீ இந்த மென்பொருளை இறக்கினாய். சூட்டுக்கு மூன்று நிலை, நேரத்துக்கு மூன்று. தோலைக் கரைக்கும் நொதிப் பொடிக்கு இரண்டே நிலை: போடுவது, போடாமல் விடுவது. எல்லாச் சேர்க்கையையும் செய்து பார்க்கப் பழம் போதாது. தோட்டத்தில் கவாத்து நெருங்கியிருந்தது; கொடியை வெட்டிவிட்டால் அடுத்த பழத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மென்பொருள் சிலவற்றை மட்டும் பொறுக்கித் தந்தது. உச்சச் சூட்டில் நெடுநேரம் வைப்பதும் அதில் ஒன்று.

பழம் கொண்டுவந்த தோட்டக்கார அண்ணனுக்குக் கோபம். "ஏத்தா, கெட்டுப்போகும்னு தெரிஞ்சே எதுக்கு வேக வைக்கிறீக?"

"எம்புட்டு கெடுதுன்னு தெரியணும்ண்ணே" என்றாய்.

அவரையும் பாட்டில் கழுவும் பெண்களையும் உட்கார வைத்து, எது எது என்று சொல்லாமல் குடிக்கக் கொடுத்து மதிப்பெண் கேட்டாய். எண்களைப் போட்டதும் திரையில் மதிப்பெண்ணை உயரமாகக் காட்டும் இரண்டு மேடுகள் எழுந்தன. பொடி இல்லாத மேட்டின் உச்சி அதிகச் சூட்டின் பக்கம். பொடி போட்டதன் உச்சி, இன்னும் உயரமாக, குறைந்த சூட்டில், நேரம் கூடிய இடத்தில். சூட்டை மட்டும், நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்த வருடங்களில் நாம் அந்தப் பக்கமே போனதில்லை.

பொடி போட்டு, அந்தச் சூட்டிலும் நேரத்திலும் வைத்துச் செய்தோம். அண்ணன் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார். நீயும் ஒரு வாய் குடித்தாய்.

"எனக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கு. நீ சொல்லு."

"பழத்தக் கடிச்ச மாதிரி இருக்குடி."

தலையை ஆட்டினாய். அந்தச் சாறு குமுளி தாண்டிப் போனது, திரும்பி வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் புற்று திரும்பியது. இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். "எதுலருந்து எது வரைக்கும் டாக்டர்?" என்று கேட்டாய். மென்பொருள் தரும் கணிப்பிலும் நீ நடு எண்ணை விட்டுவிட்டு அதன் இரண்டு எல்லைகளைத்தான் படிப்பாய். அவர் யோசித்து இரண்டையும் சொன்னார். கிட்டத்து எல்லைக்குள் வேலைகளை முடித்தாய். அதைத் தாண்டிக் கிடைத்த நாட்களில் ஆலைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாய். தூரத்து எல்லை வரை நீ இருக்கவில்லை.

போன வாரம் அம்மாவைத் தேனியில் டாக்டரிடம் காட்டினேன். இடுப்பு அறுவைக்குப் பிறகு எத்தனை நாளில் நடப்பாள் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடிக்கப் போனார்.

"எதுலருந்து எது வரைக்கும் டாக்டர்?" என்றேன்.

மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அம்மாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.