புது மாட்டுக்கு முதல் வாய்

ஜனவரி 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. மிருக வைத்திய காரியாலயத்திலிருந்து பால் சங்கத்துக்கு நோட்டீஸ். கால்வாய் நோய் வருகிறதாம். மாட்டுக்கு வாயும் குளம்பும் வெந்து புண்ணாகுமாம். பெர்மிட் இல்லாமல் மாவட்ட எல்லை தாண்டி மாடு ஏற்றக் கூடாது. மாடுகளை ஓரிடத்தில் கூட்டவும் கூடாது. பக்கத்து டவுன் கரவனெல்லயில் மாட்டிறைச்சிக் கடைகளும் பூட்டு. சங்கச் செயலாளர் நான்தானே, பசை காய்ச்சி நானே ஒட்டினேன். நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

பொங்கலுக்கு வாங்க வேண்டியது: மஞ்சள், சர்க்கரை, கற்பூரம், கன்றுக்குச் சின்ன மணி.

பின்னேரம் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிரா பிலோமினா அக்கா வந்தார். நேற்று மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் குருவிட்டவிலிருந்து விறகு லொறியில் ஒரு பசுவை இறக்கியிருக்கிறார். பெர்மிட் இல்லை. காதில் நம்பரும் இல்லை.

"இங்கயே பொறந்த மாடுன்னு ஒரு கடிதம் எழுதிக் குடு கமலா. அப்பதான் ஒபிஸ்ல காது நம்பர் அடிப்பாங்க."

"நோட்டீஸ் ஒட்டுன பசை இன்னும் கையில இருக்குக்கா."

"ஒன்னய விட்டா நா யாருகிட்ட போவேன்?"

எழுதினேன். சீலும் குத்தினேன். பசு நன்றாகத்தான் இருந்தது, நல்ல மடி. என் பிரசவத்துக்கு மழையில் ஓடி வந்தவர் அக்கா. எப்படி மறுப்பது?

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். நல்ல வெயில். கோயில் முற்றத்தில் பதினொரு மாடு. நோட்டீஸ் என்று யாரோ இழுத்தார்கள். "அது எல்ல தாண்டுற மாட்டுக்குத்தாங்க" என்று நானே சொன்னேன். பெரிய டொக்டர் மாதிரி.

அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் அவர் மாடு வருஷா வருஷம் வரும். தாம்பாளம் என் கையில். ஒரே தாம்பாளத்தில் எல்லா மாடும் பொங்கல் நக்க வேண்டும், எங்கள் லயத்து வழக்கம். புதிதாக வந்த மாடு விருந்தாளி, அதற்குத்தான் முதல் வாய். அக்காவின் புதுப் பசு எச்சில் ஒழுக நக்கிவிட்டு, இன்னும் கேட்டு என் சேலையை இழுத்தது. ஒரே சிரிப்பு.

எங்கள் செவலைக்குக் கடைசி. நம் வீட்டு மாடு கடைசியில் தின்பதுதான் மரியாதை. அடியில் ஒட்டியிருந்ததை வழித்து அதன் கன்றின் நாக்கில் விரலால் தடவினேன். பிறந்து இருபது நாள்தான். விரலை விடவே மாட்டேன் என்றது.

ஜனவரி 19, திங்கள்

அக்கா பசு தின்னவில்லை. வாயில் நூல் நூலாக எச்சில். காலை மாற்றி மாற்றி வைக்கிறது.

"பொங்கல் ஒத்துக்கலையோ?" என்றார் அக்கா.

நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தோல் உரிந்து கையோடு வந்தது. ஐயோ! கையை உதறிக்கொண்டு ஓடினேன். இரண்டு தரம் சோப்புப் போட்டும் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானம் மாட்டுத் தரகர். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ.

"கடையெல்லாம் பூட்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் எறச்சிக்கு அடிபடுறாங்க. அந்த மாட்ட நா ஏத்திக்கிறேன். சொகமான மாடு, இந்தத் தோட்டத்து மாடுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க போதும்."

அக்கா என்னையே பார்த்தார். என் வீட்டுக்காரர் வேறு, "எழுதேன். அது போயி தொலைஞ்சா நம்ம மாடாச்சும் தப்பும்."

பேனாவை எடுத்தேன். எடுக்கவில்லை என்று இங்கேயும் பொய் எழுதக் கூடாது. ‘இந்தத் தோட்டத்தில் பிறந்த’ வரை எழுதிவிட்டேன். அந்த நாக்குத் தோல் ஞாபகம் வந்தது. இதையா ஜனங்கள் காசு கொடுத்துத் தின்ன வேண்டும்? கிழித்து அடுப்பில் போட்டேன். தரகர் ஏசிக்கொண்டே போனார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

மிருக டொக்டர் நோனாவுக்கு, அந்தச் சிங்கள அம்மாவுக்கு, போன் போடவில்லை. பயம். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 21, புதன்

தூறல். செவலைக்கும் எச்சில். இன்னும் நாலு மாட்டுக்கும். உடனே போன் போட்டேன்.

கன்று மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. பாலுக்கு விட்டேன். முட்டி முட்டிக் குடித்தது. குடிக்கும்போதே விழுந்தது. அவ்வளவுதான். கால்கூட உதைக்கவில்லை. வாயில் பால் நுரை. உடம்பில் ஒரு புண் இல்லை, ஒன்றுகூட இல்லை! தட்டித் தட்டி எழுப்பினேன். மணிதான் குலுங்கியது.

பத்து மணிக்கு டொக்டர் நோனா. "குர முக லெடே. கால்வாய் நோய்தான். சின்னக் கன்னுக்கு நேரா இதயத்துக்கு அடிக்கும்" என்றார் அவருடைய தமிழில். "முதல் வந்தது எந்த மாட்டுக்கு?"

அக்கா வாயைத் திறந்தார். "எங்க மாடு நோனா. இங்கயே பொறந்த..."

"இல்ல நோனா, குருவிட்ட மாடு. பொய்க் கடிதம் எழுதுனது நாந்தான்."

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நோனா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மத்த மாட்டுக்கு எப்படிப் போச்சு? ஒரே தண்ணித் தொட்டியா?"

உள்ளே போனேன். புளி போட்டுத் துலக்கிச் சாமி மாடத்தில் வைத்திருந்த தாம்பாளத்தைக் கொண்டுவந்தேன். பொங்கலன்று நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"முதல்ல குடுத்தது புது மாட்டுக்கு. சரி. கடைசியா யாருக்கு?"

 பொங்கல் வழித்த விரலைக் கன்று கிடந்த பக்கம் நீட்டினேன்.