ஜாம் பாட்டிலில் மண்

மயிலாப்பூர்
10 மே 2025, சனி

கிரீஷுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், கடல் காற்று வாங்குகிறவருக்கு என்ன குறை.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஃபேமிலி கோர்ட்டில் அந்தக் கவுன்சிலிங் அம்மா சொன்னாரே, அதனால் எழுதுகிறேன். வழக்கம்போல, இன்று அங்கே வரும் வர்ஷினியின் பையில் வைத்து அனுப்புகிறேன்.

நம் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். அவளை அடையாறில் பெண்கள் கல்லூரியில் சேர்க்கப்போகிறேன். இங்கிருந்து ஒரே பஸ். ஃபீஸ் முழுக்க நானே கட்டுகிறேன், பி.எஃப். லோனுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கட்டுகிறவள் வீட்டிலிருந்து படிப்பதுதானே நியாயம். சனிக்கிழமை உங்களிடம் வருவது அப்படியே இருக்கட்டும்.

ஒன்று கேட்கவேண்டும். போன வாரம் மோர்க்குழம்பு பண்ணிப் போட்டீர்களாமே. "அப்பா கைமணம் வேற மாதிரிம்மா" என்கிறாள். என்னோடு இருந்த பதினேழு வருஷத்தில் நீங்கள் வெந்நீர்கூட வைத்ததில்லை.

நீரஜா


பாலவாக்கம்
11 மே 2025, ஞாயிறு

நீரஜாவுக்கு,

மோர்க்குழம்பு யூடியூப் பார்த்துச் செய்தது. கொஞ்சம் திரிந்துகூடப் போனது. அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள் என்பது மட்டும் உண்மை.

அடையாறு வேண்டாம். இங்கே ஈ.சி.ஆரில் புதிதாக ஒரு கல்லூரி வந்திருக்கிறது. ஏசி பஸ், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. என் ஃபிளாட்டிலிருந்து பத்து நிமிடம். நீ சொல்லும் இடத்தைப்போல இரண்டு மடங்கு ஃபீஸ், நான் கட்டுகிறேன். ஆறு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. இனி ஆறு நாள் எனக்கு.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிறு சாயங்காலம் இங்கிருந்து கிளம்பும்போது "ஆத்துக்குப் போயிட்டு வரேம்பா" என்பாள். சிநேகிதி வஜீஹாவிடம் போனில் பேசும்போது இந்த இடத்துக்குப் பெயர் "அப்பா ஃபிளாட்". வீடு என்றால் அவளுக்கு உன் வீடுதான். அந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் தெரியுமா?

கிரீஷ்


மயிலாப்பூர்
24 மே 2025

கிரீஷுக்கு,

நீச்சல் குளம் காட்டிப் பெண்ணைக் கூப்பிடுகிற அப்பாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவளுக்கு ஸ்கூட்டர் புக் பண்ணியிருக்கிறேன், நீல நிறம். கல்லூரிக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்துவிடலாம்.

அதிருக்கட்டும். அவள் அலமாரியைச் சுத்தம் பண்ணப்போனேன். துணிக்குப் பின்னால் ஆறு ஜாம் பாட்டில், ஆறிலும் மண். பாதி ராத்திரி வரைக்கும் அதை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் போனால் மூடி வைக்கிறாள். உங்கள் பீச் மண்தானே? என் வீட்டுக்குள் உங்கள் வாசலை அடுக்கி வைத்திருக்கிறாள். என் நினைவாக உங்கள் ஃபிளாட்டில் என்ன வைத்திருக்கிறாள், சொல்லுங்கள்.

நீரஜா


பாலவாக்கம்
25 மே 2025

நீரஜாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆறு பாட்டில் என்றா எழுதியிருக்கிறாய்?

காலையில் வாக்கிங் போகும்போது குனிந்து மண்ணை அள்ளுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது புரிகிறது. வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கிற அப்பாவைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறாள். உனக்குப் பொறாமையாக இருந்தால் நான் என்ன செய்ய.

அவளுக்காக இங்கே ஒரு ரூம் பெயின்ட் அடித்துவிட்டேன். ஸ்கூட்டரை கேன்சல் பண்ணிவிடு.

கிரீஷ்


மயிலாப்பூர்
7 ஜூன் 2025

கிரீஷுக்கு,

பொறாமைதான். இல்லை என்று சொல்ல நான் மகான் இல்லை. காய்ச்சலில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பாட்டிலில் ஏறியது நீங்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறையும் செம்பருத்தித் தொட்டியில் கொட்டிவிட்டேன். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அப்பாவுக்காகப் பட்டினி, இதையும் பார்க்கவேண்டியதாகிவிட்டது.

அடையாறில் நேற்று ஃபீஸ் கட்டிவிட்டேன். ரசீது என் கையில். இனி இதில் பேச்சு இல்லை.

நீரஜா


பாலவாக்கம்
8 ஜூன் 2025

நீரஜாவுக்கு,

நீ நேற்று முன்தினம் கட்டினாய். நான் இங்கே ஈ.சி.ஆர். கல்லூரியில் வியாழனே கட்டிவிட்டேன்.

யாரிடம் இருப்பது என்று அவளே சொல்லட்டும். நாங்கள் வாக்கிங் போகும்போது நேராகவே கேட்டுவிட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருப்பாள். எனக்கு அதுவே பதில்.

கிரீஷ்


திருவல்லிக்கேணி
14 ஜூன் 2025, சனி

அம்மா, அப்பா,

இதை ஒரே மாதிரி இரண்டு காப்பி எழுதித் தபாலில் போடுகிறேன். இன்று பாலவாக்கம் வரவில்லை, நாளை மயிலாப்பூரும் வரமாட்டேன். வஜீஹாவின் அத்தை ஹாஜிரா பீ வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். வாடகைக்குப் பதிலாக அவருடைய பேத்திகள் இரண்டு பேருக்கும் கணக்குச் சொல்லித் தரவேண்டும்.

உங்கள் கடிதங்களை நான் படித்தேன். கவரை ஒட்டாமல் ஸ்டேபிள் மட்டும் அடித்துக் கொடுத்தால் எப்படிப் படிக்காமல் இருப்பது? ரிசல்ட்டுக்குப் பிறகு ஆறு கடிதம். ஏசி பஸ் இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது, மோர்க்குழம்புகூட இருக்கிறது. நான் என்ன படிக்க ஆசைப்படுகிறேன் என்று ஒரு வரி இல்லை.

ரிசல்ட் வந்த அன்றே சொன்னேன். அம்மா, நீ புளி கரைத்துக்கொண்டிருந்தாய். "ஜியாலஜி படிக்கணும்மா" என்றேன். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டாய். அப்பா, உனக்குப் போன் பண்ணினேன். "அம்மாக்கு முதல்ல சொன்னியா, எனக்கா?" என்றாய். அதற்குமேல் இரண்டு பேரும் எதுவும் கேட்கவில்லை.

பாட்டில் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் பாலவாக்கம் ஒன்றுதான். மற்றவை கொட்டிவாக்கம், அடையாறு முகத்துவாரம், பட்டினப்பாக்கம், சாந்தோம், மெரினா. ஒரே கடற்கரையில் மண் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பார்க்க இரண்டு வருஷமாகச் சேர்த்தேன். நான் சாப்பிடாமல் இருந்தது அதற்காகத்தான் அம்மா. அப்பா, உன் நினைவாக நான் எதையும் அள்ளவில்லை. மன்னித்துக்கொள்.

மாநிலக் கல்லூரியில் ஜியாலஜி கிடைத்துவிட்டது. பதினெட்டு முடிந்துவிட்டதால் கையெழுத்து நானே போட்டேன். ஃபீஸ் கொஞ்சம்தான், முன்பே டியூஷன் எடுத்துச் சேர்த்த காசிலேயே கட்டிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டியதைத் திருப்பித் தருவார்களா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு பேரும் இல்லாமல் இன்று ராத்திரி இங்கே தூக்கமும் வராது.

சனிக்கிழமைகளில் மறுபடி மண் எடுக்கப் போவேன். ஞாயிறு அறையில்தான் இருப்பேன். பார்க்கவேண்டும் என்றால் வாருங்கள். யார் முதலில் வந்தது என்று மற்றவரிடம் சொல்லமாட்டேன்.

வர்ஷினி