முள் நகராத நாள்

ஜூலை 3

என் தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. செய்முறைத் தேர்வாளராக என் பள்ளிக்கு வந்தாய், என் கையால் காப்பி குடித்தாய், போகும்போது என் மாணவி ஒருத்தியை ஃபெயிலாக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

பௌதிக டீச்சரான உனக்கே பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் கோலைக் கம்பளியில் தேய்த்துத் தகர டப்பாவுக்குள் விட்டால், டப்பாவோடு இணைத்த மீட்டர் மின்னூட்டத்தைக் காட்டும். வெயில் நாளில் இருபது நானோகூலூம் வரும். அன்று விடாத மழை. ஈரத்தில் மின்னூட்டம் கசிந்துபோகும், முள் அசையாது. இருபத்து மூன்று பேர் ஈயடிச்சான் காப்பியாக 'இருபது' என்று எழுதினார்கள், முழு மதிப்பெண் போட்டாய். ஓயாமல் கேள்வி கேட்பதால் 'தொணதொணப்பு' என்று நான் கூப்பிடும் அந்த மாணவி மட்டும் 'பூஜ்யம். காற்றில் ஈரம்' என்று எழுதினாள். கண்ணால் கண்டதை எழுதியவளுக்கு இதுதான் பரிசா? அவள் கல்லூரிக்குப் போவது இந்த மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. திருத்து.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

ஊருக்குத்தான் உபதேசமா?

என் செய்முறைத் தேர்வன்றும் மழைதான். நீ அங்கே ஆய்வக உதவியாளர். முள் அசையவில்லை என்று அழுதேன். ஒரு துண்டுச் சீட்டில் 'இருபது' என்று எழுதி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு, "பேசாம இதை எழுதுடி" என்றாய். எழுதினேன். பள்ளியில் முதலாவதாக வந்தேன். இந்த வேலையும் அதில் வந்ததுதான். அன்றிலிருந்து இருபது இல்லாத தாள் எதற்கும் என்னால் மதிப்பெண் போட முடிவதில்லை. இப்போது நீ எனக்கு நேர்மை சொல்கிறாய். வெட்கமாக இல்லையா?

தங்கை

ஜூலை 16

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு நானே ஒட்டினேன்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. அந்தச் சீட்டைப் பற்றித் தேர்வு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். உன்மேல் பாசத்தில் செய்தேன் என்று முதலில் எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டேன். என் வேலை போனால் போகட்டும். ஆனால் என் தப்புக்கு அவளை ஏன் தண்டிக்கிறாய்?

இன்றும் மழை. வகுப்பில் கோலை விட்டேன், முள் அசையவில்லை. பூஜ்யம் என்று எழுதச் சொன்னேன். தொணதொணப்பு எழுந்து, "இதை எழுதினதுக்குத்தானே டீச்சர், அவங்க எனக்கு ஃபெயில் போட்டாங்க?" என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. நீ வந்து பதில் சொல். வராவிட்டால் எனக்குத் தங்கை இல்லை.

அக்கா

ஜூலை 22

அக்காவுக்கு,

மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். அந்தச் சீட்டைப் பார்த்து எழுதியவள் நான்தான் என்று நானும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். என்ன செய்வார்களோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை உன் வகுப்புக்கு வருகிறேன். அவளிடம் நான்தான் பேசுவேன், நீ குறுக்கே வராதே. உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று அந்தச் சீட்டுக்குப் பதிலாக, "பூஜ்யம்னே எழுதுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

தங்கை